பத்தர் ராவின பல்

என் மகள் தன் சிரிப்பை டிசைன் செய்யக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமைக் காலையில், மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது. அவளுக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி இரணியலில் வந்து இறங்குவாள். அவளுடைய அப்பா பைக்கில் போய்க் கூட்டிக்கொண்டு வருவார். மறுநாள் காலை பத்து மணிவரை தூங்கிவிட்டு எழுந்து வந்து, அடுக்களை வாசலில் நின்று எதையாவது சொல்லி என்னைத் திடுக்கிட வைப்பது வாராவாரம் நடப்பதுதான். அன்றைக்குப் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இத பாருங்கம்மா. எப்படி இருக்கு?"

போனில் அவள் முகம். ஆனால் சிரிக்கிறாள். பல் எல்லாம் ஒரே அளவில், ஒரே வெள்ளையில், வரிசை பிசகாமல் இருந்தன. இடது பக்கம் மேலே வெளியே ஏறி நிற்கும் அவளுடைய தெத்துப்பல்லைக் காணவில்லை.

"பல்லு எங்கட்டி?"

"இது வரப்போற பல்லும்மா. நாகர்கோவில்ல ஒரு கிளினிக். ஸ்மைல் டிசைன். கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்குல்லா, அதுக்குள்ள முடிஞ்சிரும். மேல எட்டுப் பல்லையும் லேசா ட்ரிம் பண்ணிட்டு மேல வெள்ளையா ஓடு மாதிரி ஒண்ணு ஒட்டுவினும். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கினும்."

"ட்ரிம்முன்னா?"

"ராவுறதுதான். வலிக்கவே வலிக்காதாம்."

நான் கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். கழுவ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வலிக்கவே வலிக்காது என்று முப்பது வருடத்துக்கு முன்னால் எனக்கும்தான் சொன்னார்கள்.

ஒரு வாரம் இருந்தது. அதற்குள் நான் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவளுடைய எட்டுப் பல்லும் தப்பும் என்று நம்பினேன். ஆனால் கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டில் நான் பத்திரமாகக் காப்பாற்றி வந்த ஒரு பொய் அம்பலமாகிவிடும். நான் கணக்கு டீச்சர். பொய் சொன்ன பிள்ளைகளை எத்தனையோ முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள்.

விஷயம் இதுதான். எனக்கும் அதே இடத்தில், அதே மாதிரி ஒரு தெத்துப்பல் இருந்தது. வரிசையில் இடம் கிடைக்காமல், பஸ்ஸில் சீட் கிடைக்காதவர் படியில் நிற்பதுபோல வெளியே தொங்கிக்கொண்டு நிற்கும். நான் சிரித்தால் முதலில் அது சிரிக்கும், பிறகுதான் மற்றவை. பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டுக் கூட்டத்தில் நிற்கும்போது, யாரும் அதைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். ஆனால் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் எல்லாருமே அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றித்தான் சொல்வார்கள். தன் வீட்டுப் பெண்ணுக்கு இருந்தால் அது குறை.

பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் வேலை கிடைத்ததும் வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கருங்கலில் இரும்புக் கடை. பெண் பார்க்க வரும் நாள் குறித்ததும் என் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வா, பத்தர் கடைக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். வளையலுக்கு அளவெடுக்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அளவும் எடுத்தார்கள். ஆனால் எங்கள் கொட்டாரம் ஊர்ப் பக்கத்தில் அப்போது இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, பக்கத்து ஊரில் கேட்டால்கூட அப்படியா என்பார்கள். கல்யாண நகை எந்தப் பத்தரிடம் செய்யக் கொடுக்கிறார்களோ, அவரே பெண்ணின் வாயையும் ஒருமுறை பார்த்துவிடுவார். பல் கூராக இருந்தாலோ ஏறியிருந்தாலோ, நகை ராவும் சின்ன அரத்தால் நாலு இழுப்பு இழுத்துச் சமப்படுத்திவிடுவார். கழுத்தும் காதும் கையும் அவர் பொறுப்பு, அதோடு பல்லும் சேர்ந்துகொண்டது. பல் டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்குகிறவர் என்று மட்டும் தெரிந்த காலம். பத்தரோ நுணுக்கமான கைவேலைக்காரர். யாரை நம்புவார்கள்?

வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். வெள்ளைத் துணியைச் சுருட்டிக் கடைவாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார். பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டு ஈறில் தடவினார். அம்மா பின்னால் நின்று என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அரம் பல்லில் பட்டதும் வந்த சத்தம் காதுக்கு வெளியே இருந்து வரவில்லை, மண்டைக்குள்ளே இருந்து வந்தது. நல்ல மனுஷர். அவசரப்படவில்லை. இரண்டு இழுப்பு, ஒரு ஊதல், தலையைச் சாய்த்து ஒரு பார்வை. தங்கத்தை ராவும்போது கீழே தோல் விரித்து ஒரு பொடி விடாமல் சேர்ப்பவர், என் பல்லின் பொடியை ஃபூ என்று ஊதிவிட்டார். கடைசியில் உமிக்கரியைத் துணியில் தொட்டு, மோதிரத்துக்கு மெருகேற்றுவதுபோல் தேய்த்து முடித்தார்.

கண்ணாடியைக் கொடுத்தார்கள். பல் பாதியாகத் தணிந்து, நுனி மழுங்கி, மற்றப் பற்களோடு ஒட்டி நின்றது. அம்மா, "கொள்ளாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பாராட்டு அத்தனை லேசில் வராது.

"ரெண்டு நாளு கூசும், மக்களே. பெறவு ஒண்ணும் தெரியாது" என்றார் பத்தர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நானும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். என்னை யாரும் கையைக் காலைக் கட்டிக்கொண்டு போகவில்லை. வழியெல்லாம் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டே வந்தேன். வீட்டுப் படியேறும்போது அம்மா மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இத அவிய வீட்டுல ஒருநாளும் சொல்லாண்டாம், கேட்டியா? குறை இருந்துதுன்னு தெரிஞ்சா அத வச்சே பேசுவினும்."

வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. கல்யாணம் நடந்தது. பத்தர் சொன்ன இரண்டு நாள் மட்டும் முடியவே இல்லை.

புகுந்த வீட்டில் முதல் காலை மாமி கொண்டுவந்து கொடுத்த சாயா ஆவி பறந்தது. ஒரு வாய்தான் குடித்தேன். பல்லில் பட்டுக் கண் வழியாக வெளியே போனதுபோல் ஒரு கூச்சம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். சாயா ஆறி, மேலே ஆடை கட்டி, யாரும் தொட விரும்பாத நிலைக்கு வந்த பிறகு எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் மாமி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "டீச்சருக்கு நம்ம சாயா ஒடனே எறங்காது. கொஞ்ச நேரம் வெயிட் பண்ணணும் அது."

அன்றிலிருந்து நான் அகம்பாவக்காரி. மீன்கறி கொதிக்கக் கொதிக்க வந்தால் தள்ளி வைப்பேன். கிழங்கை ஆறவிட்டு, அதையும் வலது பக்கமாகவே மெல்லுவேன். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் வேண்டாம் என்பேன். மாங்காயை உப்பு தொட்டுக் கடிக்கும் மைனிமார் நடுவில், கத்தி கேட்டு வாங்கி நறுக்கித் தின்பேன். இத்தனைக்கும் ஒரே விளக்கம்தான் அந்த வீட்டில் இருந்தது: படித்த பெண், அரசாங்கச் சம்பளம், அந்தப் பவுசு. மாமி என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் சாயாவை எனக்கு மட்டும் முதலிலேயே ஆற்றிக் கொண்டுவந்து, "இந்தா டீச்சர், உனக்குப் பாகமா இருக்கு" என்று வைப்பார். அந்தப் 'பாகமா'வில் இருந்த குத்தல் எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே உமிக்கரியும் உப்பும் போட்டுப் பல் தேய்க்க வேண்டாம் என்று ஏதாவது கைமருந்து பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. நான் அகம்பாவக்காரி என்று நம்பியபடியே மாமி போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கதை வேறு மாதிரி போனது. ஆனி, ஆடியில் எங்கள் மாவட்டத்தில் அடிக்கும் காற்று தெரியுமல்லவா? பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தக் காற்று நேரே என் பல்லைத் தேடி வரும். அதனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை இடுக்கி, பாய்கிற முகத்தோடுதான் பள்ளி வாசலில் இறங்குவேன். வராந்தா முழுக்கக் காற்று. வாயைத் திறந்து சிரித்தால் கூசும், ஆகவே சிரிப்பதில்லை. ஒரு வருடத்துக்குள் மாவட்டத்திலேயே கண்டிப்பான கணக்கு டீச்சர் என்று பெயர் வாங்கிவிட்டேன். தலைமையாசிரியர் ஆண்டுவிழாவில் என் கட்டுப்பாட்டைப் புகழ்ந்து பேசினார். நான் மேடையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மின்விசிறி நேரே என் மேல் வீசியது.

இதில் பெரிய வேடிக்கை என் கணவரின் கடைதான். அவர் விற்பது ஆணி, கீல், தாழ்ப்பாள், அதோடு வகை வகையாக அரம். தட்டை அரம், வட்ட அரம், முக்கோண அரம். கல்லாவுக்குப் பின்னால் கொத்தாகத் தொங்கும். சாப்பாடு கொண்டுபோகிற நாளிலெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பி வருவேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, அந்தப் பல் ஒருவழியாகச் செத்தது. முதலில் நிறம் மாறிச் சாம்பலானது, பிறகு ஈறில் சீழ் வைத்து, முகம் ஒரு பக்கம் வீங்கி, நானே கண்ணாடியில் என்னைக் கண்டு பயந்தேன். கணவர் தக்கலையில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் விளக்கைச் சாய்த்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "இத யாரு ராவினது?" என்று கேட்டார்.

கணவர் பக்கத்தில் நிற்கிறார்.

"சின்ன வயசுல கீழ விழுந்தேன், டாக்டர்."

"விழுந்தா உடையும். இப்படி ஒரே சீரா தேயாது. மேல இருக்கிற எனாமல் முழுசாப் போயிருக்கு. அது நகம் மாதிரி திரும்ப வளராதும்மா. இத்தனை வருஷம் எப்படித் தாங்கினீங்க?"

"கல்லுல விழுந்தேன்" என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. வேர் சிகிச்சை செய்து, உறை மாட்டி அனுப்பினார். பல்லில் உயிரில்லை என்பதால் இப்போது கூச்சமும் இல்லை. ஆனாலும் சூடாகச் சாயா குடிக்க எனக்கு வரவில்லை. கை டம்ளரைத் தானாகக் கீழே வைத்துவிடுகிறது.

மகளுக்குப் பதினொன்றாவது வயதில் அதே இடத்தில் தெத்துப்பல் முளைத்தது. பள்ளியில் பல் பரிசோதனைக்கு வந்த டாக்டர், கம்பி போட்டால் ஒன்றரை வருடத்தில் உள்ளே வந்துவிடும் என்றார். அந்தப் பிள்ளையின் பல்லில் இரும்பு படக் கூடாது என்று நான் அவரோடு ஒரு சண்டையே போட்டேன். கம்பி ராவாது, மெல்ல இழுத்துத்தான் வைக்கும் என்று அவர் விளக்க விளக்க, நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். பல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒன்றல்ல, எட்டு.

அந்த வாரம் முழுக்கச் சொல்லப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் ஆரம்பித்து, கல்யாணச் சேலை பற்றிப் பேசி முடித்தேன். அவள் திருவனந்தபுரம் போன பிறகு போன் செய்து, "நல்லா சாப்பிடுதியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். புதன்கிழமை மத்தியானம் பள்ளி விடுமுறை. சாப்பாட்டோடு கடைக்குப் போனேன். கடையில் ஆள் இல்லை. கணவர் தூக்குப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, "என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

"பிள்ளை பல்லை ராவப் போறா."

"தெரியும். எங்கிட்டயும் காட்டினா."

"ராவாண்டாம்னு சொல்லணும்."

"சொல்லு. நீதான் சொல்லணும். உனக்குத்தானே தெரியும், ராவினா என்ன ஆகும்னு."

அவர் நிதானமாகச் சோற்றில் புளிசேரியை ஊற்றினார்.

"உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"கல்யாணம் முடிஞ்ச வாரமே. அரம் விக்கிறவனுக்கு அரம் போட்ட தடம் தெரியாதா? நீ தூங்கும்போது வாய் கொஞ்சம் தொறந்திருக்கும்."

"பின்ன ஏன் கேக்கல?"

"நீ சொல்லல்லியே. சொல்லப் பிடிக்காத காரியத்த நான் எதுக்குக் கேக்கணும்? கல்லுல விழுந்தேன்னு நீ டாக்டர்ட்ட சொன்னப்பதான் சிரிப்பு வந்துட்டு. வெளிய போய்ச் சிரிச்சுட்டு வந்தேன்."

முப்பது வருடம்! இந்த மனுஷனிடமிருந்து மறைக்கத்தான் ஆறின சாயா குடித்து, மாமியின் குத்தலை வாங்கி, மாங்காய்க்குக் கத்தி கேட்டேன். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் மேல் எறிய ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். சுற்றிலும் இருந்ததெல்லாம் இரும்பு. மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

அவரிடம் இருந்த பயம் போய்விட்டதால் மகளிடம் சொல்வது லேசாகிவிட்டது என்றே நினைத்தேன். வெள்ளிக்கிழமை அவள் ரயில் தாமதமாக வந்து சாப்பிட்டதும் படுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் எதிரே தெரிந்தவர்கள். கடைசியில் கிளினிக் வரவேற்பறையில், நீல நிற நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்ல முடிந்தது. எங்களுக்கு எதிரே ஒரே ஒருவர் இருந்தார்.

"மக்களே, எனக்கொரு காரியம் சொல்லணும்."

"இப்பமா?"

"இப்பமேதான்."

சொன்னேன். பத்தர், முக்காலி, கிராம்பு எண்ணெய், அரம். பாட்டி என் தலையைப் பிடித்துக்கொண்டது. ஆறின சாயா. கல்லில் விழாதது. ஒன்றையும் விடவில்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதியளாம்மா?"

"இல்ல. அழுதா வாய் மூடிரும், பத்தருக்கு வேலை நிக்கும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்தது, எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்துச் செருப்பைக்கூடக் காலால் தேடினேன்.

"ஆனா அம்மா, அது வேற, இது வேற. இவிய டாக்டர். ஊசி போட்டுத்தான் செய்வினும்."

"ஊசி போட்டு ராவினாலும் போன எனாமல் திரும்ப வராதுட்டி."

"அது எனக்குத் தெரியும். எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்தேன். கூசலாம், பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு மாத்த வேண்டி வரலாம், எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் போனைத் திருப்பி, படங்களைத் திறந்து, என் மடியில் வைத்தாள். "இதுல நான் பல்லு தெரியச் சிரிக்கிற போட்டோ ஒண்ணு எடுத்துத் தாங்க."

நான் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிறந்தநாள், கிறிஸ்துமஸ், பட்டமளிப்பு, திருச்செந்தூர்க் கடற்கரை, நிச்சயம். எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி மூடிய ஒரு பெண். நான் மேடையில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

"ஆறாங்கிளாஸ்ல குரூப் போட்டோ எடுக்கிற அண்ணைக்கு நீங்கதான் சொன்னிய, வாய மூடிட்டுச் சிரின்னு. அதுக்குப் பெறவு எல்லா போட்டோக்கும் சொன்னிய. வீட்டுக்கு ஆள் வந்தா கண்ணால காட்டுவிய. நிச்சயத்தண்ணைக்கும் காட்டினிய. கம்பி போடவும் விடல, சிரிக்கவும் விடல. நான் பின்ன என்னதான் செய்யணும்?"

கத்திச் சொல்லவில்லை. எதிரே இருந்தவர் பத்திரிகையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். அந்தப் பல்லை யாராவது பார்த்தால் ராவச் சொல்லிவிடுவார்கள், யாரும் பார்க்காமல் இருந்தால் பல் பிழைத்துக்கொள்ளும். இதுதான் என் கணக்கு. பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் யோசிக்கவில்லை. என் அம்மா ஒரே ஒரு நாள்தான் என் தலையைப் பிடித்தாள். நான் பதினைந்து வருடமாக இவளுடைய வாயைப் பிடித்து மூடியிருக்கிறேன்.

"இப்பமாவது சொல்லுங்க. எனக்க பல்லு அசிங்கமாத்தானே இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறினதில்லை. இதற்கு ஏன் பதில் வரவில்லை? அசிங்கம் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. சின்ன வயதில் அவள் தூக்கத்தில் சிரிக்கும்போது அந்தப் பல் மட்டும் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எனக்கு வாய் வந்ததில்லை. அழகு என்று சொன்னால், என்னுடையதையும் அப்படித்தானே சொல்ல வேண்டும்? பிறகு அரம் எதற்கு, அம்மா எதற்கு, முப்பது வருடம் எதற்கு?

உள்ளே ஏதோ ஒரு கருவி ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். "அம்மா, உள்ள போகக் கூடாது" என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்வது காதில் விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

மகள் சாய்வு நாற்காலியில், கழுத்தில் காகிதத் துணி கட்டி, வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். டாக்டர் அவளைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்த பெண். கையில் ஊசி. இன்னும் போடவில்லை, ஓடிக்கொண்டிருந்தது எச்சில் உறிஞ்சும் குழாய்தான்.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

நான் மகளைப் பார்த்துத்தான் சொன்னேன். "அழகாத்தான் இருக்கு, மக்களே. உனக்க பல்லு அழகாத்தான் இருக்கு. அது முளைச்ச அண்ணையிலயிருந்தே அழகாத்தான் இருந்துது. அம்மா சொல்லல்ல, தப்பு எனக்கதுதான். நீ ராவினாலும் சரி, ராவாட்டாலும் சரி, இத மட்டும் கேட்டுக்க."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிற்கவில்லை.

"எனக்க பல்லும் அழகாத்தான் இருந்துது."

அதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். நான் சுவரில் கைவைத்து நின்றேன். அழுகைதான் வந்தது, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைபோல.

மகள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்துக் காகிதத்தை அவிழ்த்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "டாக்டர், ராவாண்டாம். இண்ணைக்குக் கிளீனிங் மட்டும் செய்யுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், வாயை மூடாமல்.

டாக்டர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, உங்கள் பிள்ளையின் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அழாதீர்கள் என்றார். அவளுக்காக நான் அழவில்லை. இருபத்து மூன்று வயதில் எனக்கு இருந்த அந்தப் பல்லுக்காக, முப்பது வருடத்தில் முதல் தடவையாக, அன்றைக்குத்தான் அழுதேன்.